நாலு வரிசைத் திராட்சையும் ஓர் அமெரிக்கப் பருந்தும்

பறவை பார்ப்பவன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வதுண்டு. பறவைகள் தரப்பிலிருந்து இதுவரை யாரும் அதை உறுதி செய்ததில்லை. போன வருடம் பள்ளிக்கரணைச் சதுப்பில் அசையாமல் நின்ற ஒரு வெள்ளைக் கொக்கை நாற்பது நிமிடம் கவனித்து, அதன் பொறுமையை வியந்து எங்கள் வாட்ஸப் குழுவில் எழுதினேன். அது குச்சியில் மாட்டியிருந்த பாலித்தீன் பை. குழுவை நடத்தும் மதுரை தனலட்சுமி மேடம், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒரே ஒரு வரி பதில் போட்டார்: "பையின் இனப்பெருக்கக் காலத்தையும் குறித்துக்கொள்ளவும்."

அந்த வரியைத் துடைக்க ஒரு நல்ல பறவை தேவைப்பட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் அலுவலகத்தில் பக்கத்து மேசை ஷபானா கல்யாணப் பத்திரிகை கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் நிக்காஹ். ஊருக்கு வெளியே சுருளிப்பட்டியில் அவள் அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம்; அங்கே குருவியாகப் பார்க்கலாம் என்றாள். கல்யாணத்துக்குப் போகிறவன் பெட்டியில் பட்டு வேட்டி இருக்கும். என் பெட்டியில் இரண்டு பறவைக் கையேடுகளும் ஒரு பைனாகுலரும் இருந்தன. வேட்டி சென்னையிலேயே தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆண்டிபட்டியில் இறங்கி வைகை அணைக்குப் போனேன். முதல் அதிர்ச்சி அங்கேயே காத்திருந்தது. தண்ணீர் இருந்தது, கரை இருந்தது, காதலர்கள் இருந்தார்கள். பறவைதான் இல்லை. ஒரே ஒரு மடையான், அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது. மாங்காய்ப் பத்தை விற்ற பெண்ணிடம் வாத்து, நாரை எல்லாம் எங்கே என்று கேட்டேன். மிளகாய்ப் பொடியைத் தூவிக்கொண்டே சொன்னார்.

"அதுக மார்கழியில வந்து மாசியில போயிரும். நீங்க பங்குனி கடைசியில வந்திருக்கீக."

பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு உள்ளே நுழைந்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். விஷயம் அதுதான். குளிருக்கு வந்த வலசைப் பறவைகள் கிளம்பிவிட்டன. மழைக்கு முன்னால் கூடு கட்டும் உள்ளூர்ப் பறவைகள் இன்னும் களத்தில் இறங்கவில்லை. இடைப்பட்ட இந்த இரண்டு மூன்று வாரம், திருவிழா முடிந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டு போல இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் இந்த நாட்களில் பைனாகுலரைத் துடைத்து உள்ளே வைத்துவிடுவார்கள். எனக்கு விவரம் மாங்காயோடு சேர்ந்துதான் கிடைத்தது.

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் கழுத்தில் பைனாகுலர் தொங்க உட்கார்ந்தது அடுத்த பிழை. பக்கத்தில் ஏலக்காய் வாசத்தோடு இருந்தவர் குனிந்து, மெதுவாக, "ரோடு அளக்க வந்தீகளா?" என்றார். பறவை பார்க்க என்றேன். அரசாங்க ரகசியத்தை நான் காப்பாற்றுவதாக மதித்துத் தலையாட்டினார். சின்னமனூரில் அந்தச் செய்தி முன் சீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. உத்தமபாளையத்தில் கண்டக்டரே வந்து, புறவழிச் சாலையில் தன் மச்சினன் வீடு போகுமா என்று கேட்டார். மறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில், அந்த ஒரு வீடு மட்டும் போகாது என்று உறுதி கொடுத்தேன். கம்பத்தில் என் பெட்டியை அவரே இறக்கி வைத்தார்.

அன்று மாலை புரோட்டாவும் சால்னாவும். சென்னையில் சால்னா கேட்டால் மூலையில் ஒரு கரண்டி விடுவார்கள். இங்கே புரோட்டா மூழ்கும்வரை ஊற்றிவிட்டு, போதுமா என்று வேறு கேட்கிறார்கள். அந்த நாளில் எனக்கு நேர்ந்த ஒரே நல்ல அதிர்ச்சி.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஷபானாவின் அப்பா ஹனிபா மொபெட்டில் வந்து நின்றார். மறுநாள் மகள் கல்யாணம். இந்த மனிதரைக் குருவி காட்ட அலைக்கழிக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. சொன்னேன்.

"தோட்டத்துக்கு நான் எப்படியும் போகணும் சார். இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் என் உசுரு அங்கனதான் கிடக்கு."

போகும் வழியில் விளக்கினார். தோட்டம் முழுக்கப் பழம் வெட்டி அனுப்பியாகிவிட்டது. நாலே நாலு வரிசை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறார். மற்ற வீடுகளில் கல்யாணப் பையில் தேங்காய் போடுவார்கள். இவர்கள் வீட்டில் சொந்தத் தோட்டத்துப் பன்னீர்த் திராட்சை, ஆளுக்கு ஒரு கொத்து. அவர் அக்காவுக்கு, தங்கைக்கு, அவருக்கே அப்படித்தான் நடந்தது. நிச்சயதார்த்தத்தில் சபை நடுவே நின்று, என் தோட்டத்துப் பழம் கையில் இல்லாமல் ஒருத்தரும் மண்டபத்தை விட்டுப் போகமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். கல்யாணத்தன்று வாடாமல் இருக்க வேண்டும் என்பதால் சனிக்கிழமை வெயில் தாழ்ந்த பிறகுதான் வெட்டுவார்கள். சிக்கல் என்னவென்றால், சுற்றிலும் எல்லாத் தோட்டமும் வெட்டி முடிந்துவிட்டது. பள்ளத்தாக்கில் பழுத்து நிற்பது இந்த நாலு வரிசைதான். அது மைனாக்களுக்கும் தெரியும்.

திராட்சைப் பந்தலுக்குள் நிமிர்ந்து நடக்க முடியாது. தலைக்கு மேல் கறுப்பாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும். குனிந்து நடந்தால் எல்லோரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வது போலவே இருக்கும். அப்படிக் குனிந்தபடி எதிரே வந்தவர் பேச்சியம்மாள். தோட்டத்தில் பல வருடமாக வேலை பார்ப்பவர். ஒரு கையில் எண்ணெய் டின், மறு கையில் கட்டை. என்னைப் பார்த்ததும் டின்னை இரண்டு தட்டுத் தட்டினார். எனக்கா, குருவிக்கா என்று தெரியவில்லை.

வெளியே வந்து சுருளி மலையைப் பார்த்து நின்றேன். ஒரு மணி நேரத்தில் காக்கை, புறா, மீண்டும் காக்கை. வாலாட்டி இல்லை, பஞ்சுருட்டான் இல்லை. பக்கத்துத் தென்னையில் மைனாக்கள் வரிசையாக உட்கார்ந்து பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தன. மைனாவை எவன் எழுதுவான் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. நீளமாக, கரகரப்பாக, மேலிருந்து கீழே சறுக்கி விழும் ஒரு கிறீச்சொலி. உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்படி ஒன்றை நான் பள்ளிக்கரணையிலும் கேட்டதில்லை, எங்கேயும் கேட்டதில்லை. குரலைக் கேட்டுப் பறவை பெயர் சொல்லும் செயலி என் போனில் உண்டு. அது முதல் நாளே நான் இருக்கும் இடத்தை அறிய அனுமதி கேட்டது. நம் போக்குவரத்து இதற்கு எதற்கு என்று மறுத்திருந்தேன். போனை நீட்டினேன். மறுபடி குரல் வந்தது. செயலி துளிகூடத் தயங்கவில்லை. செவ்வால் பருந்து, அமெரிக்கா.

பேச்சியம்மாளிடம், இந்தச் சத்தம் தினமும் கேட்கிறதா என்றேன்.

"ரெண்டு மாசமாக் கத்துது. விடிஞ்சா ஆரம்பிச்சிரும்."

"எங்கேயிருந்து வந்தது, தெரியுமா?"

"துபாயில இருந்து வந்துச்சுன்னு பாய் சொன்னாக."

அமெரிக்கா, துபாய், கம்பம். வழி சரியாகவே இருந்தது. வழி தவறிய ஒரு பருந்து கடல் தாண்டி வந்து சுருளி மலையில் குடியேறியிருக்கிறது. ஊரே அதை அறிந்திருக்கிறது. உலகத்துக்குச் சொல்லத்தான் ஆளில்லை. செயலியின் திரையைப் படமெடுத்து, இடத்தின் பெயரோடு குழுவில் போட்டேன். இரண்டே நிமிடத்தில் தனலட்சுமி மேடத்திடமிருந்து வந்தது: "கிளம்பிவிட்டேன். பறவையை விடாதீர்கள்." மதுரையிலிருந்து இரண்டரை மணி நேரம். பை விவகாரத்துக்குப் பிறகு அவர் எனக்கு எழுதிய முதல் சொற்கள்.

இனி கண்ணால் பார்த்தாக வேண்டும். டின் சத்தமும் மோட்டார் சத்தமும் பருந்தை மிரட்டுமே என்று தோன்றியது. ஹனிபாவிடம் ஓடினேன். உங்கள் மலையில் ஓர் அமெரிக்கப் பறவை இருக்கிறது, இந்தியாவில் யாரும் பார்த்ததில்லை, பத்து நிமிடம் தோட்டத்தில் எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது என்றேன். அவர் பந்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பந்தலைப் பார்த்தார்.

"எந்தச் சத்தமும்னா, எல்லாத்தையுமா சார்?"

"எல்லாவற்றையும்."

மகள் அலுவலகத்து சார், வீட்டுக்கு வந்த விருந்தாளி. அவர் மறுக்கவில்லை. மோட்டாரை நிறுத்தினார். பேச்சியம்மாளை டீ குடிக்க அனுப்பினார். பிறகு பந்தலுக்குள் போய் எதையோ செய்துவிட்டு வந்தார். தோட்டம் அமைதியானது. நாங்கள் இருவரும் பந்தலுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து நின்றோம். அவருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. என் கையேட்டை வாங்கிப் படத்தைப் பார்த்துக்கொண்டார். நாளை சம்பந்தி வீட்டாரிடம் சொல்லலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன்.

பருந்து வாயைத் திறக்கவில்லை. பத்து நிமிடம் பதினைந்தாயிற்று. பெரிய பறவைகள் அமைதியைச் சந்தேகிக்கும் என்று விளக்கினேன். இன்னும் ஐந்து நிமிடம் கேட்டேன். நல்ல விஷயங்களுக்குப் பொறுமை வேண்டும் என்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"பாய், அங்கன என்னத்தப் பாக்குறீக? இங்கன பாருங்க."

பேச்சியம்மாள் வந்து நின்றிருந்தார். திரும்பினோம். தென்னை காலியாக இருந்தது. முதல் வரிசைப் பந்தல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே மைனாக்கள், கொண்டைக்குருவிகள், கிளிகள், குயில்கள். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, பேச நேரமில்லாமல், கல்யாணப் பந்தி போலத் தின்றுகொண்டிருந்தன. இத்தனை பறவைகளை ஒரே இடத்தில் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதற்காகத்தான் வந்தேன் என்பதும் உறைத்தது.

டின் அடித்து விரட்டினார்கள். பேச்சியம்மாள் பந்தலுக்குள் குனிந்து போய், தலைகீழாகத் தொங்கிய ஒரு பெயிண்ட் வாளிக்குள் கையை விட்டார். ஒரு சொடுக்கு. மறுகணம் அந்தக் கரகரப்பான கிறீச்சொலி. நான், மானங்கெட்டவன், அப்போதும் மலைப் பக்கம் திரும்பி, "அதோ, கூப்பிடுகிறது" என்று பைனாகுலரைத் தூக்கினேன்.

மற்ற இருவரும் வாளியையே பார்த்தார்கள். மறுபடி கிறீச்சொலி. இந்த முறை நானும் வாளியைப் பார்த்தேன். மழை படாமலிருக்க வாளிக்குள் மாட்டிய ஸ்பீக்கர். குருவிகளை மிரட்ட அமெரிக்கப் பருந்தின் குரல் பதிந்தது. துபாயிலிருக்கும் ஹனிபாவின் மச்சினன் கொண்டுவந்து கொடுத்தது. நான் நிறுத்தச் சொன்ன 'எல்லாவற்றிலும்' அதுவும் ஒன்று. பருந்தைக் கேட்பதற்காகப் பருந்தையே அணைக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதல் வரிசை போய்விட்டது. கொத்துகள் அப்படியேதான் தொங்கின. ஆனால் ஒவ்வொன்றிலும் பாதி பழம் கொத்தப்பட்டுச் சாறு வழிந்தது. ஹனிபா ஒரு கொத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். "பரவாயில்ல சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "பரவாயில்ல" என்றார். மூன்றாவது முறை சொன்னபோது சத்தமே வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மாப்பிள்ளை வீட்டு ஆளுகளுக்கு நல்ல வரிசையில இருந்து குடுத்துருவோம்," என்று பேச்சியம்மாளிடம் சொன்னார். "நம்ம ஆளுகளுக்கு மிச்சத்துல பொறுக்கிக்கலாம். இனி ஒரு கொத்துப் போனாலும் பத்தாது ஆத்தா."

அதற்குள் அடுத்தது. ருசி கண்டுவிட்ட மைனாக்கள் ஸ்பீக்கரைக் கண்டுகொள்ளவில்லை. ஒன்று வாளியின் மேலேயே உட்கார்ந்து அலகைத் துடைத்துக்கொண்டது. இரண்டு மாதப் பயம் இருபது நிமிட அமைதியில் தெளிந்துவிட்டது. இனி ஆள் நின்று விரட்டினால்தான் உண்டு. ஆட்கள் எல்லோரும் கல்யாண வீட்டில். ஹனிபா ஜமாத்துக்குப் போயாக வேண்டும். டின்னை என்னிடம் கொடுங்கள் என்றேன். அவர் தயங்கினார். பேச்சியம்மாள் தயங்கவில்லை.

மேடத்தைப் போனில் அழைத்தேன். உசிலம்பட்டி தாண்டிவிட்டதாகச் சொன்னார். அந்தப் பருந்து இருக்கிறதே, அது வந்து, என்று ஆரம்பித்தேன். இருக்கிறதா, அது போதும் என்று வைத்துவிட்டார்.

அன்று காலையிலிருந்து நான் செய்த வேலை, பறவை கண்ணில் பட்டதும் டின்னை அடித்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு அதை நோக்கி ஓடுவது. இருபது வருடம் மூச்சை அடக்கி, காலடி ஓசை கேட்காமல் நடக்கக் கற்றுக்கொண்டதற்கு இதுதான் பலன். வேலியில் இருந்து பேச்சியம்மாள் மேற்பார்வை பார்த்தார்.

"குரல் நல்லா இருக்கு. இங்கனயே இருந்துக்கிறீகளா?"

பத்து மணி வாக்கில் பந்தலின் ஓரத்துக் கம்பியில் மஞ்சளாக ஏதோ வந்து அமர்ந்தது. மாங்குயில். பொன் மஞ்சள் உடம்பு, கறுப்பு இறக்கை, சிவந்த அலகு. கூட்டாளிகள் எல்லோரும் வடக்கே கிளம்பிய பிறகும் தங்கிவிட்ட ஒன்று. ஆளில்லாத இந்த வாரத்தில் எனக்கென்றே வந்த ஒரே வலசைப் பறவை. வாளி இல்லை, பை இல்லை, உயிருள்ளது. கழுத்தைச் சாய்த்து, ஒரு பழத்தைக் கொத்தியது. என் கை பைனாகுலருக்குப் போனது.

"பாத்தது போதும். தட்டுங்க," என்றார் பேச்சியம்மாள்.

அது இரண்டாம் வரிசை. மாப்பிள்ளை வீட்டு வரிசை. தட்டினேன். மஞ்சள் ஒரு கோடாக மலைப் பக்கம் போய் மறைந்தது. அடித்த அடியில் டின் நசுங்கிவிட்டது.

திரும்பினால் தனலட்சுமி மேடம். கழுத்தில் பெரிய கேமரா, கையில் நோட்டு, முகத்தில் இரண்டரை மணி நேரப் பயணம். குழு உறுப்பினன் ஒருவன் கத்திக்கொண்டே பறவையைத் துரத்துவதை அவர் முழுமையாகப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்து போய் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். நோட்டைத் திறந்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார்.

"ஒலிபெருக்கி. ஒன்று. வலசை போவதில்லை."

"மேடம், இப்போதுதான் ஒரு மாங்குயில் இருந்தது. கையெட்டும் தூரத்தில்."

"எந்த வாளியில்?"

நம்ப வைக்க என்னிடம் எதுவும் இல்லை. பொய்யான பருந்துக்குச் செயலியே சாட்சி சொன்னது. உண்மையான மாங்குயிலுக்கு நசுங்கிய டின்தான். பேச்சியம்மாளைக் கேளுங்கள் என்றேன். அவரோ, மஞ்சளா என்னமோ வந்துச்சு, பாக்க எங்க நேரம் என்று சொல்லிவிட்டார். மேடம் பந்தல் நிழலில் உட்கார்ந்துகொண்டார். வெயில் தாழ்ந்து, ஆட்கள் வந்து மூன்று வரிசையையும் வெட்டும்வரை நான் ஓடினேன். அதற்குப் பிறகு ஒரு கொத்துகூடப் போகவில்லை. பழத்தை ஏற்றிக்கொண்டு கிளம்புமுன் ஹனிபா மேடத்தைக் கல்யாணத்துக்கு அழைத்தார். அழைத்த விதத்தில் மறுக்க வழியில்லை. அன்று மேடம் தேனியில் தங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் முடிந்து பிரியாணியும் தால்ச்சாவும். பக்கத்தில் மேடம். எனக்குத் தொண்டை கட்டிப்போய், தயிர்ப் பச்சடி கேட்கக்கூட ஜாடைதான். என் கண் முழுக்க வாசலில் இருந்தது. அங்கே ஹனிபா வெள்ளை ஜிப்பாவில் நின்று, போகிறவர்கள் கையில் தானே பையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பைகள் அடுக்கிய மேசை குறைந்துகொண்டே வந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் போனார்கள், ஒவ்வொரு பையிலும் முழுக் கொத்து. உறவுக்காரர்கள் போனார்கள். ஷபானா கூப்பிட்ட சென்னை நண்பர்கள் போனார்கள். அவர்கள் பையில் கொத்து கொஞ்சம் சிறியது, அங்கங்கே கத்திரித்தது. ஆனால் வெறுங்கையோடு ஒருவரும் போகவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

நாங்கள் போனோம். மேடத்துக்கு ஒரு பை. எனக்கு ஒன்று. பிரித்துப் பார்த்தேன். ஒரு திராட்சைக் காம்பு. பழமெல்லாம் கத்திரித்து எடுத்த வெறும் காம்பு, அழகாக வெள்ளைத் தாளில் சுற்றி.

"உங்க பங்கை உங்க ஆளுக நேத்தே வந்து சாப்பிட்டுப் போயிட்டாக சார்," என்றார் ஹனிபா. இரண்டு நாளில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். மேடம் சிரித்தார். மணமேடையிலிருந்து ஷபானாவும் சிரித்தாள், ஊருக்கே தெரிந்திருக்கிறது.

காம்பை மறுபடி பார்த்தேன். நுனியில் ஒரே ஒரு பழம் மிச்சமிருந்தது. அதில் அலகு கொத்திய ஒரு தடம். மைனா கொத்தினால் தோல் கிழிந்து தொங்கும். இது துளையிட்டது போலச் சுத்தமாக இருந்தது. மாங்குயில்தான், சந்தேகமே இல்லை. மேடத்திடம் நீட்டி, ஆதாரம் என்றேன். குரல் காற்றாகத்தான் வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, காட்டுங்கள் என்று கை நீட்டினார்.

வெயிலில் நல்ல தாகம். அவர் பேனா மூடியைத் திறப்பதற்குள் அந்தப் பழத்தை வாயில் போட்டுவிட்டேன்.